கரியோடு அரை நூற்றாண்டு

(கல்லூரி இயற்பியல் மன்றம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நானோ அறிவியல் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இந்தத் தலைப்பில் யாரைக் கூப்பிட்டாலும் வருங்காலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சுருட்டி வைக்கும் திரை, நொடியில் ஏறும் மின்கலம் என்று பட்டியல் நீளும். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. அதனால் ஒரு பெண்மணியின் வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். மில்ட்ரெட் ட்ரெசல்ஹாஸ். 1930இல் நியூயார்க்கில் பிறந்து 2017இல் மறைந்த அமெரிக்க இயற்பியலாளர். கார்பனின் ராணி என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு.

ஆனால் 1960களின் தொடக்கத்தில் அவர் கிராஃபைட்டைக் கையில் எடுத்தபோது அது சீந்துவாரற்றுக் கிடந்த பொருள். அப்படிக் கிடந்ததால்தான் எடுத்தேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் முதலில் கேட்பது, எது இப்போது சூடாக ஓடுகிறது என்பதைத்தான். அவர் தேடியது நேர் எதிரானது. அந்தத் தேடல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் என் பேச்சு.

போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். மில்ட்ரெட் ஸ்பீவாக் என்பது பிறந்த வீட்டுப் பெயர். பெருமந்தக் காலம், பிராங்க்ஸ் பகுதியில் வறுமையான வளர்ப்பு. அண்ணன் வயலினில் கெட்டிக்காரன். தங்கைக்கும் ஓர் இசைப்பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு பழகியபோதுதான், ஊரில் நல்ல பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன என்ற சேதியே அவருக்குத் தெரிய வந்தது. ஹண்டர் கல்லூரியோடு இணைந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. பழைய வினாத்தாள்களை வரவழைத்துத் தானாகவே படித்து எழுதினார்; இடம் கிடைத்தது. பிறகு அதே ஹண்டர் கல்லூரியில் பட்டப்படிப்பு. பள்ளி ஆசிரியை ஆவதுதான் திட்டம். ஆசிரியை, செவிலி, செயலாளர் என்ற மூன்றைத் தாண்டி அன்றைக்குப் பெண்களுக்கு வேறு வழி காட்டுவார் இல்லை.

வழி காட்டியவர் ராசலின் யாலோ. மருத்துவத்துக்கான நோபல் பரிசை 1977இல் பெற்ற அதே யாலோதான். அப்போது ஹண்டரில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நீ ஆராய்ச்சிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் அவர். அதோடு விடவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த மாணவியைத் தொடர்ந்து கவனித்துவந்தார். 1951இல் பட்டம், ஃபுல்பிரைட் உதவியில் கேம்பிரிட்ஜில் ஓராண்டு, ராட்கிளிஃபில் முதுகலை, அங்கிருந்து சிகாகோ.

சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி இருந்தார். அவர் வகுப்பில் யாரும் குறிப்பெடுக்கத் தேவையில்லை. தம் கையால் எழுதிய குறிப்பைப் பிரதியெடுத்து அவரே கொடுத்துவிடுவார். அதனால் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிக்கலாம். வகுப்பு முடியும்போது ஒரு சின்னக் கணக்கு. பார்ப்பதற்கு எளிது, போட உட்கார்ந்தால்தான் தெரியும். ட்ரெசல்ஹாஸ் குடியிருந்தது ஃபெர்மி வீட்டுப் பக்கம். காலையில் பல்கலைக்கழகம் வரை இருவரும் பேசிக்கொண்டே நடப்பதுண்டு. 1954 நவம்பரில் ஃபெர்மி இறந்துவிட்டார். அந்தப் பழக்கம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஆனால் இயற்பியலாளர் என்றால் எந்தத் துறைக் கேள்வியையும் தொட்டுப் பார்க்கிறவராக இருக்க வேண்டும் என்ற பாடம் அங்கே வந்ததுதான்.

முனைவர் பட்ட வழிகாட்டியோ பெண்களுக்கு அறிவியலில் இடமில்லை என்ற கொள்கைக்காரர். ஆகவே ஆய்வைப் பெரும்பாலும் தனியாகத்தான் நடத்த வேண்டியிருந்தது. போர் முடிந்து மிஞ்சிப்போன நுண்ணலைக் கருவிகளைத் தேடிப் பிடித்துத் தாமே கோத்து, காந்தப்புலத்தில் வைத்த மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள், எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்தார். விடை வழக்கத்துக்கு மாறாக வந்தது. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் மீக்கடத்துதிறனுக்குக் கோட்பாடு கண்டார்கள். உடனே உலகமே அந்தத் துறைக்குள் பாய்ந்தது. அவருடைய முரண்பட்ட அளவீடுகள் மீது கோட்பாட்டாளர்களின் கண் பட்டது. ஒரு தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 1958இல் திருமணம். கணவர் ஜீன் ட்ரெசல்ஹாஸும் இயற்பியலாளர். அவர் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு இரண்டாண்டு உதவித்தொகை மட்டும் கிடைத்தது, வேலை இல்லை. கணவனும் மனைவியும் ஒரே துறையில் கூடாது என்ற விதி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அன்று சாதாரணம். இருவருக்கும் வேலை கொடுத்த இடம் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம். 1960இல் சேர்ந்தார்கள். மீக்கடத்தியைத் தவிர வேறு எதையாவது எடுத்துக்கொள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எல்லாரும் குறைக்கடத்திகள் பக்கம் இருந்தார்கள். இவர் அரை உலோகங்கள் பக்கம் போனார்: பிஸ்மத், கிராஃபைட்.

ஏன்? 1959க்கும் 1964க்கும் இடையில் நான்கு குழந்தைகள். போட்டி மிகுந்த துறையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போனால், அந்த வாரத்தில் இன்னொருவர் அதே கட்டுரையை வெளியிட்டுவிடுவார். கிராஃபைட்டில் அந்தப் பயம் கிடையாது. கடினமான பொருள், சுவாரஸ்யமான பொருள், பின்னாலிருந்து முந்த யாரும் இல்லை. இப்படி ஒரு கணக்கைப் போட்டு, அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தியாகம் என்று உருக்கமாக எழுதிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இது சாமர்த்தியம். நேரம் கைவசம் இல்லாதவர், நேரம் கொடுக்கும் பொருளைத் தேடிக்கொண்டார்.

கிராஃபைட் என்பது கார்பன் அணுக்கள் அறுகோணக் கட்டங்களாகக் கோத்த தகடுகளின் அடுக்கு. தகட்டுக்குள் பிணைப்பு வைரத்துக்கு நிகரான உறுதி. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிடிப்பு மிக லேசு, கட்டி வைத்த அப்பளம் மாதிரி. இடைவெளி 0.335 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ முப்பது லட்சம் தகடுகள். மின்சாரம் தகட்டின் வழியே தாராளமாக ஓடும், குறுக்கே தட்டுத்தடுமாறும்.

இந்தக் குறுக்கு நெடுக்கு வித்தியாசத்தைப் படிகங்களில் கவனமாக அளந்து 1939இல் நேச்சர் இதழில் அறிவித்தவர்களில் ஒருவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் கங்குலியோடு சேர்ந்து செய்த வேலை. கிராஃபைட்டின் காந்தப் பண்புகளையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். ராமன் விளைவோடு மட்டும் கிருஷ்ணனை நினைவில் வைத்திருக்கிறோம், கிராஃபைட்டை மறந்துவிட்டோம். பிறகு 1947இல் வாலஸ் என்ற கோட்பாட்டாளர், அணு உலைகளில் கிராஃபைட் பயன்பட்ட காலத்தில், அதன் எலக்ட்ரான் பட்டைகளைக் கணக்கிட்டார். வசதிக்காக முதலில் ஒற்றைத் தகட்டை எடுத்துக்கொண்டார். இன்று கிராஃபீன் என்று நாம் சொல்லும் பொருளின் முதல் கணக்கு அது. அப்படி ஒரு தனித் தகடு கைக்கு வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ட்ரெசல்ஹாஸ் இந்தப் பின்னணியில்தான் நுழைந்தார். அவர் முறை, கிராஃபைட்டை வலுவான காந்தப்புலத்தில் வைத்து, ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளப்பது. 1968இல் நடந்த ஒரு சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் இது.

கிராஃபைட்டில் மின்சாரத்தைச் சுமப்பவை இரண்டு: எலக்ட்ரான்கள், எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களான துளைகள். உந்த வெளியில் எலக்ட்ரான்கள் எந்த மூலையில், துளைகள் எந்த மூலையில் என்று பத்தாண்டுகளாக ஒரு படம் ஏற்கப்பட்டிருந்தது. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் ஒரு பக்கமாகச் சுற்றும். துளை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். சாதாரண ஒளிக்கு இந்த வேறுபாடு தெரியாது. வட்ட முனைவாக்கம் செய்த ஒளிக்குத் தெரியும். வலம் சுற்றும் ஒளி ஒன்றோடு சேரும், இடம் சுற்றுவது மற்றதோடு. அதற்கு லேசர் வேண்டும். வாயு லேசரை உருவாக்கிய அலி ஜவான் எம்.ஐ.டி.யிலேயே இருந்தார். மாணவர் பால் ஷ்ரோடர் அளந்தார். விடை, ஏற்கப்பட்ட படத்துக்கு நேர் தலைகீழ். எலக்ட்ரான் என்று எல்லாரும் சொன்ன இடத்தில் துளை இருந்தது, துளை என்ற இடத்தில் எலக்ட்ரான்.

இதை வெளியிடாதே, பெயர் கெட்டுவிடும் என்று மூத்த சகா ஒருவர் நல்லெண்ணத்தோடு எச்சரித்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மூவரும் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதே சரி என்று நிலைத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் குறிகளை மாற்றிப் படிக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் அவர் எம்.ஐ.டி. வளாகத்துக்கே வந்துவிட்டிருந்தார். லிங்கன் ஆய்வகத்தில் காலை எட்டு மணிக்கு ஆள் வர வேண்டும். நான்கு குழந்தைகளைக் கிளப்பிவிட்டு எட்டரைக்கு வந்ததற்குப் பேச்சு வாங்கினார். 1967இல் ஒரு வருகைப் பேராசிரியர் பதவி; பெண் அறிஞர்களுக்கென்றே ஏற்படுத்திய பதவி. ஓராண்டில் மின்பொறியியல் துறையில் நிரந்தரப் பேராசிரியர். எம்.ஐ.டி. பொறியியல் பிரிவில் அப்படி ஆன முதல் பெண். 1985இல் அங்கே மிக உயர்ந்த நிலையான இன்ஸ்டிட்யூட் பேராசிரியர். அதிலும் முதல் பெண்.

எழுபதுகளில் அவர் தொடங்கியது இடைச்செருகல் சேர்மங்கள் பற்றிய வேலை. கிராஃபைட் தகடுகளுக்கு நடுவே வேறு அணுக்களைப் புகுத்துவது. ஒரு கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் பொட்டாசியம், மறுமுனையில் கிராஃபைட். காற்றை உறிஞ்சி எடுத்து மூடி, இரண்டு முனைகளையும் தனித்தனி வெப்பநிலையில் வைக்கிறார்கள். ஆவி தகடுகளுக்கு இடையே நுழைகிறது. முனைகளுக்கு இடையே வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருந்தால் ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் அடுக்குப் பொட்டாசியம்; எட்டுக் கார்பனுக்கு ஒன்று. கரிய கிராஃபைட் பொன்னிறம் ஆகிவிடும்! வேறுபாட்டைக் கூட்டினால் இரண்டு தகட்டுக்கு ஓர் அடுக்கு. இப்போது நிறம் நீலம். இன்னும் கூட்டினால் மூன்றுக்கு ஒன்று. எத்தனை கார்பன் தகடுகளுக்கு ஒரு விருந்தாளி என்பதை வெப்பநிலையைக் கொண்டே தீர்மானிக்கலாம். சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்டும் மீக்கடத்தி அல்ல, பொட்டாசியமும் அல்ல. இரண்டும் சேர்ந்த பொன்னிறச் சேர்மமோ தனிப்பூஜ்ய வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரிக்கும் குறைந்த குளிரில் மீக்கடத்தி. பெல் ஆய்வகத்தார் 1965இல் கண்டது அது.

இரண்டு பொட்டாசிய அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய ஒன்றிரண்டு கார்பன் தகடுகள் என்றால், அவை மற்றத் தகடுகளிலிருந்து ஏறத்தாழத் துண்டிக்கப்பட்டவை. அதாவது இருபரிமாணப் பொருள். அந்தப் பெயர் பிரபலமாவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ட்ரெசல்ஹாஸ் தம்பதி அதன் இயற்பியலைச் செய்துகொண்டிருந்தார்கள். 1981இல் இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரை இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் பாக்கெட்டில் இருக்கும் கைப்பேசியைத் தொட்டுப் பாருங்கள். அதன் மின்கலம் ஏறும்போது லித்தியம் கிராஃபைட் தகடுகளுக்குள்தான் நுழைகிறது; முழுக்க ஏறினால் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம்.

1985இல் அறுபது கார்பன் அணுக்களாலான பந்து வடிவ மூலக்கூறு வந்தது. 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா நானோகுழாய்களை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். கார்பனுக்குக் கூட்டம் கூடியது. கூட்டம் வந்தபோது இவர் ஏற்கெனவே முப்பது ஆண்டு உள்ளே இருந்தவர். அதன் பலன் உடனே தெரிந்தது.

நானோகுழாய் என்பது சுருட்டிய கார்பன் தகடுதான். அறுகோணக் கட்டங்கள் வரைந்த ஒரு தாளை எடுத்துச் சுருட்டிப் பாருங்கள். நேராகச் சுருட்டலாம், சாய்த்தும் சுருட்டலாம். எந்தக் கட்டத்தின் மேல் எந்தக் கட்டம் வந்து உட்காருகிறது என்பதை இரண்டு முழு எண்களால் குறித்துவிடலாம். ரிச்சிரோ சைட்டோ, மிட்சுதாகா ஃபுஜிதா என்ற இரண்டு ஜப்பானியரோடு சேர்ந்து ட்ரெசல்ஹாஸ் தம்பதி 1992இல் கணக்குப் போட்டார்கள். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் குழாய் உலோகம், வகுபடாவிட்டால் குறைக்கடத்தி. 10, 10 என்றால் உலோகம். 10, 5 என்றால் குறைக்கடத்தி. அதே கார்பன், அதே தகடு. சுருட்டிய விதம் மட்டும் வேறு. தாமிரத்தை எப்படிச் சுருட்டினாலும் தாமிரம்தானே? ஆகவே பலர் நம்பவில்லை. அதே ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்திலும் ஜப்பானிலும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் ஹார்வர்டிலும் 1998இல் ஒற்றைக் குழாய்களை நேரடியாக அளந்தபோது கணக்கு அப்படியே பலித்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத குழாயின் இரண்டு எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ராமன் வருகிறார். குழாய் முழுவதும் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும் ஓர் அதிர்வு உண்டு. அதன் அதிர்வெண் விட்டத்துக்குத் தலைகீழ் விகிதம். லேசரைப் பாய்ச்சி ராமன் சிதறலில் அந்த அதிர்வைப் பிடித்தால் விட்டம் கிடைக்கும். ஒத்ததிர்வையும் சேர்த்தால் இரண்டு எண்களுமே கிடைக்கும். பிரேசிலைச் சேர்ந்த ஆடோ ஜோரியோ முதலியவர்களோடு 2001இல் தனித்தனிக் குழாய்களில் இதைச் செய்துகாட்டினார்கள். திருச்சியில் பிறந்தவர் கல்கத்தாவில் கண்ட விளைவு, இன்று உலகத்தின் எந்தக் கார்பன் ஆய்வகத்திலும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. கிராஃபீன் எத்தனை அடுக்கு என்று பார்க்கவும் அதுதான்.

அவர் கைவைத்த இன்னொரு துறையான, வெப்பத்தை மின்சாரமாக்கும் வெப்பமின் பொருள்கள் பற்றிச் சுருக்கமாக. நல்ல வெப்பமின் பொருள் மின்சாரத்தைக் கடத்த வேண்டும், வெப்பத்தைக் கடத்தக் கூடாது. சாதாரணப் பொருளில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். பொருளை நானோ அளவுக்கு மெலிதாக்கினால் இந்த முடிச்சை அவிழ்க்கலாம் என்று மாணவர் லிண்டன் ஹிக்ஸோடு 1993இல் எழுதினார். தூங்கிக் கிடந்த ஒரு துறை அந்தக் கட்டுரையால் எழுந்தது. விருதுகளையும் பதவிகளையும் முழுக்கச் சொன்னால் நேரம் போய்விடும். அமெரிக்க இயற்பியல் கழகத் தலைவர், எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலக இயக்குநர், 2012இல் காவ்லி பரிசு, அதே ஆண்டில் தம் ஆசிரியர் ஃபெர்மி பெயரிலான விருது, 2014இல் அதிபர் ஒபாமா அணிவித்த சுதந்திரப் பதக்கம்.

நோபல் ஏன் இல்லை என்று யாராவது கேட்கத்தான் செய்வீர்கள். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தகட்டை எடுத்தார்கள். 2010இல் நோபல் பெற்றார்கள். அது நியாயமான பரிசுதான். தனித் தகட்டில் மின்சாரம் ஓடுவதை அளந்து காட்டியவர்கள் அவர்கள். நோபல் பரிசு ஒரு குறிப்பிட்ட கண்டுபிடிப்பைத் தேடுகிறது. ஒரு பொருளை ஐம்பது ஆண்டு அக்கக்காகப் பிரித்து, பின்னால் வருபவர்கள் நடக்கப் பாதை போட்டுக் கொடுத்தவருக்கு அதில் கட்டம் இல்லை. குறை பரிசின் அமைப்பில் இருக்கிறது.

அவர் மறைந்தது 2017 பிப்ரவரி 20. மறு ஆண்டு மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வில், அதே எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-எர்ரேரோவின் குழு இரண்டு கிராஃபீன் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக 1.1 டிகிரி திருப்பி வைத்தது. அது மீக்கடத்தியாயிற்று. முனைவர் பட்டத்துக்கு மீக்கடத்தியை எடுத்து, பிறகு அதைவிட்டுக் கார்பனுக்குப் போனவர் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

எம்.ஐ.டி.யில் அவர் சேர்ந்த காலத்தில் இளநிலை மாணவர்களில் பெண்கள் மிகச் சொற்பம். வேதியியலாளர் எமிலி விக்கோடு சேர்ந்து பெண்களுக்கான கருத்தரங்கு ஒன்றைத் தொடங்கினார். சேர்க்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று வாதாடினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள். எண்பது வயதைத் தாண்டியும் அதிகாலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிடுவார்.

இந்த அவையில் ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்காருகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாரும் தொடாத ஒரு பொருளோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், இதில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது என்று கேட்காதீர்கள். இதில் நீ எதை அளக்கப் போகிறாய், எந்தக் கருவியால் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் இடம் கொடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வராமல் போனால் அந்த வாரத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு தகவல் மட்டும். எம்.ஐ.டி.யில் ட்ரெசல்ஹாஸ் நடத்திய திடநிலை இயற்பியல் பாடத்தின் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பகுதி மின்கடத்தல், இரண்டாவது ஒளியியல் பண்புகள், மூன்றாவது காந்தவியல். குவாண்டம் இயக்கவியல் ஒரு பருவம் படித்திருந்தால் போதும். முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள். கணக்குகளை விட்டுவிடாமல் போட்டுப் பாருங்கள்.